புத்தளத்தில் விளையும் உப்பு

இலங்கையின் புத்தளம் களப்பின் கரையோரமாகப் பாலாவிப் பக்கம் போனால், நெல்வயல் போல வரப்புக் கட்டிய பாத்திகள் விரிந்து கிடக்கும். அவை உப்பளங்கள். உப்பைக் கடல் தானாகத் தரும் கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஆண்டுதோறும் மண்ணைத் திருத்தி, நீரை நடத்தி எடுக்கும் விளைச்சல்.

கற்பிட்டித் தீபகற்பம் திறந்த கடலை மறித்து நிற்பதால் களப்பில் அலை குறைவு. களப்பில் விழும் மீ ஓயா, கலா ஓயா ஆறுகள் மெலியும் வறட்சிக் காலத்தில் அந்த நீரின் உவர்ப்பு கடலையும் மிஞ்சிவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயிலோடு கச்சான் காற்றும் சேர்ந்து பாத்திகளைக் காய்ச்சும்.

ஒரு லீட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. சமையல் உப்பு அதில் முக்கால் பங்கு. அது படிகமாக வேண்டுமென்றால் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாக வேண்டும். ஒரே பாத்தியில் முழுக்க வற்றவிட்டால் எல்லா உப்புகளும் கலந்து கசக்கும். அதனால்தான் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துகிறார்கள். வழியில் முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி 25 பாகை காட்டும் வேளையில் தெளிந்த நீரைக் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட்டால் வெள்ளை உப்பு பூக்கத் தொடங்கும். 30 பாகையை எட்டுமுன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் எஞ்சுவது பெரும்பாலும் கசக்கும் மக்னீசிய உப்பு.

உப்பளத்தின் உயிர் அதன் தரை. மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வழித்து, உடைந்த வரப்பைக் கட்டி, களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். தரை இளகினால் நீர் கீழே கசிந்துவிடும். வாரும்போது உப்போடு மண்ணும் வரும். இடையில் ஒரு மழை பெய்தால் அதற்கும் வழி உண்டு. மழைநீர் இலேசானது, அடர்ந்த உவர்நீரின் மேல் தங்கும். மடையின் மேல்மட்டத்தை மட்டும் திறந்து அதை வடித்துவிடலாம்.

தொடர்மழைக்கு இந்த உபாயம் போதாது. 2024 இறுதியிலிருந்து பெய்த மழை உற்பத்தியைக் குலைத்ததால், நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை 2025இல் உப்பை இறக்குமதி செய்தது. உப்பளங்களைப் பெருக்க வேண்டும்தான். ஆனால் அதற்காகக் கண்டல் காடுகளை வெட்டக் கூடாது. நோயால் கைவிடப்பட்ட இறால் குளங்கள் சில இக்கரையில் ஏற்கெனவே உப்பளங்களாக மாறியிருக்கின்றன. அந்த வழியிலேயே போகலாம். அதோடு, கொளுத்தும் வெயிலில் தரை மிதித்து உப்பு வாரும் கைகளுக்கு நியாயமான கூலியும் கிடைக்க வேண்டும்.