கேட்கும் காதும் வாசிக்கும் கையும்

முறையாகப் பாடம் எடுக்காமல், கேட்டுக் கேட்டே வரும் இசைத் தேர்ச்சிக்குத் தமிழில் கேள்வி ஞானம் என்று பெயர். சினிமாப் பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததுமே இது கல்யாணி, இது மோகனம் என்று ராகத்தைச் சொல்லிவிடுகிறவர்களில் பலர் ஒரு நாளும் பாட்டு வாத்தியார் முன் உட்காராதவர்கள். கோயில் உற்சவத்தில் நாகஸ்வரமும் வானொலியில் கச்சேரியும் கேட்டே அந்தக் காது பழகியிருக்கும். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (1910–1965) சங்கீதமே பெரும்பாலும் இப்படிக் கேட்டு வளர்ந்ததுதான். நாகஸ்வரத்தில் ஓடும் பிருகாக்களை, அதாவது அதிவேக சுரக் கோவைகளை, அவர் தம் குரலுக்குக் கொண்டுவந்தார்.

கேட்பது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், கர்நாடக இசை தாளில் முழுதாக அடங்காது என்பதே. தோடி ராகத்தின் காந்தாரத்தை ‘க’ என்று ஓர் எழுத்தில் எழுதிவிடலாம். பாடும்போதோ அது ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் எட்டித் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். இந்த அசைவுதான் கமகம். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகளை அமைத்தார். மகத்தான உழைப்பு அது. ஆனாலும் தோடியை ஒருமுறைகூடக் கேட்காதவர், அந்தக் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு தோடி பாடிவிட முடியாது.

வாசிக்கக் கற்பவர் தொடங்குவது சரளி வரிசையில். புரந்தரதாசர் (1484–1564) வகுத்தது என்று மரபு சொல்லும் இந்தப் பயிற்சிகள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தவை. அந்தத் தேர்வில் நல்ல யோசனை இருக்கிறது. ‘ச ரி க ம’ என்ற கீழ்ப்பாதியில் சுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, ‘ப த நி ச’ என்ற மேல்பாதியிலும் அவ்வளவே. ஒரு பாதி காதுக்குப் பிடிபட்டால் மறுபாதி தானே வந்துவிடும். ஆதி தாளத்தில், மூன்று காலத்தில், அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். வீணையானால் முதல் சில வாரங்கள் விரல் நுனியில் தந்தி பதிந்து வலிக்கும். பலர் விட்டுவிடுவதும் அப்போதுதான்.

விடாதவருக்கு ஒரு மாற்றம் நேர்கிறது. மெட்டின் மேல் தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்பத் தம் விரலாலேயே முயன்றவர், அடுத்த கச்சேரியில் வித்வானின் தோடியை வேறு விதமாகக் கேட்பார். முன்பு வெறும் இனிமையாகக் காதில் விழுந்தது, இப்போது எங்கே தொடங்கி எவ்வளவு இழுபட்டது என்று புரியும். தமக்குக் கைவராத இடத்தைத்தான் அவர் காது மிகக் கூர்ந்து கேட்கும். மேடையே ஏறாதவருக்கும் வாசிப்பு தருகிற பெரிய செல்வம் இது.

தம்புராவிலும் இதே அனுபவம் உண்டு. அதன் நான்கு தந்திகளைப் பொதுவாகப் பஞ்சமத்திலும் சட்ஜத்திலும் மட்டுமே சேர்ப்பார்கள். சுருதி நன்றாகச் சேர்ந்தால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதில் தானாக ஒலிக்கும். மந்தர சட்ஜத் தந்தியின் அதிர்வுக்குள்ளேயே இருக்கும் ஒலி அது. புதியவருக்கு முதலில் கேட்காது. என்றோ ஒரு நாள் கேட்கும்; அதன் பிறகு கேட்காமல் இருக்காது.

உடலிலும் இந்தப் பழக்கம் பதிகிறது. தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களின் தொடு உணர்வுக்கான பகுதி விரிந்திருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினர். சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அந்த விரிவு அதிகம்.  

கேட்கும் காதும் வாசிக்கும் கையும் ஒன்றாய்க் கூடிய ஓரிடம் இருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லை, வீணையின் நாதமோ மெல்லியது. வந்திருந்த வித்வான்களும் ரசிகர்களும் அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள்.