அப்டேட்டை 'அன்இன்ஸ்டால்' செய்தால் சர்வர் சரியாகிடுமா? பேட்ச்சை நீக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'சர்வர் டவுன்'. ரேஷன் கடை, இ-சேவை மையம், வங்கி என எங்காவது ஒருமுறை இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் குறைவு. தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் ஒருவர் வரிசையில் காத்திருக்க, பிரச்னை பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கலாம். சர்வர் படுத்துக்கொள்ளக் காரணங்கள் பல. அதில் ஒன்று, முந்தைய நாள் இரவு போட்ட அப்டேட்.

போன்ல ஒரு ஆப் சொதப்பினால் டெலீட் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சர்வரில் அது அவ்வளவு சுலபமில்லை. ஏன்?

78 நிமிடங்கள்... 85 லட்சம் கணினிகள்!

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறிய அப்டேட் ஃபைலை அனுப்பியது. அதில் இருந்த பிழையால் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. மைக்ரோசாஃப்ட் கணிப்பின்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் சிறு பாதிப்பு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

காலை 10.57 மணிக்கே, அதாவது 78 நிமிடங்களில், அந்த அப்டேட்டை நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் பல இடங்களில் சரியாக நாள்கணக்கில் ஆனது. காரணம், ஏற்கெனவே முடங்கிய கணினி முழுமையாக ஆன் ஆகவே இல்லை. ஆன் ஆகாத கணினிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? ஊழியர்கள் பல கணினிகளை ஒவ்வொன்றாக 'சேஃப் மோடில்' திறந்து, அந்த ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த கணினிகளுக்கு 48 இலக்க ரெக்கவரி கீயும் தேவைப்பட்டது. அந்தக் கீயைச் சேமித்து வைத்த சர்வரே முடங்கியிருந்தால், சிக்கல் இரட்டிப்பு.

பேட்ச்சை நீக்குவது 'அன்டூ' பட்டன் இல்லையா?

இல்லை. 2022 ஜனவரி 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு, சில நிறுவனங்களின் டொமைன் கன்ட்ரோலர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. அலுவலகத்தில் யார் லாகின் செய்யலாம் என்று சரிபார்ப்பது இந்த சர்வர்தான். அது படுத்தால் ஆபீஸே படுத்துவிடும். பலர் அவசரமாக அப்டேட்டை நீக்கினார்கள். ஜனவரி 17-ல் திருத்தப்பட்ட அப்டேட் வந்தது.

இப்படி நீக்குவதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, எல்லாம் நீங்காது. இப்போதைய விண்டோஸ் சர்வர் அப்டேட்டில் இரண்டு பகுதிகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று அந்த மாதத்தின் திருத்தங்கள். மற்றொன்று, அப்டேட்டை நிறுவும் கருவிக்கான 'சர்வீஸிங் ஸ்டாக்'. இந்த இரண்டாவதை நிறுவிய பிறகு நீக்க முடியாது. அதனால் வழக்கமான அன்இன்ஸ்டால் கட்டளை பலன் தராமல் போகலாம். 'டிஸ்ம்' என்ற கருவி மூலம் திருத்தப் பகுதியை மட்டும் பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

இரண்டாவது, திரும்பும் வழியை நாமே அடைத்திருக்கலாம். டிஸ்க்ல இடம் பத்தலைன்னு பழைய கோப்புகளை 'ரீசெட் பேஸ்' முறையில் சுத்தம் செய்தால், அதற்கு முன் போட்ட அப்டேட்களை நீக்கவே முடியாது. லினக்ஸ் கொஞ்சம் வசதி. ரெட் ஹாட் வகை சர்வர்களில் வழக்கமாக மூன்று கெர்னல்கள் வரை இருக்கும். புதியது தகராறு செய்தால் பூட் மெனுவில் பழையதைத் தேர்வு செய்யலாம்.

மூன்றாவது, ஸ்னாப்ஷாட். விர்ச்சுவல் சர்வரின் நிலையை அப்படியே பதிவு செய்து வைக்கும் வசதி இது. அதிகாலை 2 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து பேட்ச் போட்டதாக வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு மாரண்டஹள்ளியில் ஒருவர் பணம் கட்டி ரசீது வாங்குகிறார். 11 மணிக்குக் கோளாறு தெரியவர, சர்வரை 2 மணி நிலைக்குத் திருப்புகிறார்கள். டேட்டாபேஸும் அதே சர்வரில் இருந்தால் என்ன ஆகும்? ரசீது அவர் கையில் இருக்கும், பதிவு சிஸ்டத்தில் இருக்காது. பேட்ச்சை நீக்கினால் மென்பொருள் மட்டும் பின்னால் போகும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் தரவும் சேர்ந்து பின்னால் போகும்.

பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

* குற்றவாளி பேட்ச்தானா? ஈவன்ட் லாக்கைப் பாருங்கள். அதே இரவில் ஃபயர்வால், சான்றிதழ், ஆப் என வேறு எதையாவது மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள்.
* தீர்வு ஏற்கெனவே வந்துவிட்டதா? நிறுவனத்தின் 'தெரிந்த பிரச்னைகள்' பக்கத்தைப் பாருங்கள். நீக்குவதைவிட, திருத்திய அப்டேட்டைப் போடுவது பல நேரம் நல்லது.
* பேக்கப் இருக்கிறதா? இருந்தால் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.
* முதலில் சோதனை சர்வரில் நீக்கிப் பாருங்கள்.
* ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒரு சர்வரை டிராஃபிக்கில் இருந்து விலக்கி, பேட்ச்சை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து சரிபார்த்த பிறகே அடுத்தது. இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களில் ஒரே நேரத்தில் கை வைக்கக் கூடாது.
* 'பிங்' வந்தால் போதாது. லாகின், பணப் பரிவர்த்தனை, பிரின்ட் வரை உண்மையான வேலையைச் செய்து பாருங்கள்.
* திரும்ப வராமல் தடுங்கள். அப்டேட்களை நிர்வகிக்கும் சர்வரில் அந்தப் பேட்ச்சை நிறுத்தி வைக்காவிட்டால், அடுத்த சுற்றில் தானாகவே ஏறிவிடும்.

நீக்கியாச்சு... பிரச்னை முடிந்ததா?

இனிமேல்தான் ஆபத்தே. பாதுகாப்பு பேட்ச் என்பது ஓட்டையை அடைத்த சிமென்ட் மாதிரி. பெயர்த்து எடுத்தால் ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். அது எங்கே இருக்கிறது என்பது, பேட்ச் வெளியானதால் ஹேக்கர்களுக்கும் தெரியும்.

இதற்கு உதாரணம் வான்னாக்ரை. அந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும் பேட்ச் போடாத கணினிகள் உலகம் முழுக்கச் சிக்கின. ஆந்திர காவல் துறையின் சில கணினிகளும் அதில் அடக்கம்.

அதனால் பேட்ச்சை நீக்குவது தற்காலிக ஏற்பாடாக மட்டுமே இருக்க வேண்டும். நீக்கிய சர்வரை இன்டர்நெட்டில் இருந்து முடிந்தவரை விலக்கி, தேவையற்ற போர்ட்களை மூடி, கண்காணிப்பைக் கூட்ட வேண்டும். திருத்திய அப்டேட்டை யார், எந்தத் தேதிக்குள் போடுவார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தேதி போடாத 'அப்புறம் பார்த்துக்கலாம்' பல மாதங்களுக்கு இழுத்துவிடும்.

ஐடி துறையில் இருப்பவர்கள் அடுத்த மெயின்டனன்ஸ் இரவுக்கு முன் டீமில் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இது சொதப்பினால், எத்தனை மணிக்குள் முடிவெடுத்து, எந்த வழியில் திரும்புவோம்?' பதில் இல்லையென்றால், அந்தப் பேட்ச்சைப் போட இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.