சில்லின் விலையும் வாகனத்தின் கணக்கும்

மின்வாகனம் என்றதும் நாம் பேட்டரியைப் பற்றியே பேசுகிறோம். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரை எவரும் கவனிப்பதில்லை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், அசோக் லேலண்ட், போச்சம்பள்ளியில் ஓலா என வாகனத் தொழில் வேரூன்றிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு, அக்கருவியில் நிகழும் மாற்றம் வாழ்வாதாரம் சார்ந்தது.

இன்வெர்ட்டரின் உயிர், நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள். உயர் வோல்ட் வாகனங்களில் இதுவரை ஐஜிபிடி என்ற சிலிக்கான் வகையே கோலோச்சியது. இப்போது சிலிக்கான் கார்பைடு அவ்விடத்துக்கு வருகிறது. 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன் செயற்கையாக உருவாக்கிய, சாணைக்கல்லில் நாம் கண்ட அதே சேர்மம்தான். இங்கே தூய படிகமாக.

அது சிலிக்கானைவிடச் சுமார் பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும். வெப்பத்தை மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். நான்கு ஜோடித் துருவங்கள் கொண்ட மோட்டார் நிமிடத்துக்கு 18,000 முறை சுழல 1,200 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் தேவை. அது சீராக அமைய, சுவிட்ச் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் இயங்க வேண்டும். அங்கே ஐஜிபிடி சூடேறித் திணறும். சிலிக்கான் கார்பைடு குறைந்த இழப்புடன் இயங்கும்.

ஆனால் விலை அதிகமாயிற்றே? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், சில்லின் விலையைவிட வாகனத்தின் மொத்தச் செலவையே நான் பார்ப்பேன். 300 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட பேருந்தில் 5 சதவீதம் மிச்சமானால் அது 15 கிலோவாட் மணி. ஏறத்தாழ ஐந்து ஸ்கூட்டர்களின் பேட்டரி! 2017-இல் டெஸ்லா தன் மாடல் 3 காரில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியதன் பொருளாதாரம் இதுவே.

ஐம்பது வோல்ட்டை ஒட்டி இயங்கும் ஸ்கூட்டருக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே மலிவான சிலிக்கான் மாஸ்ஃபெட்டே போதுமானது. 400, 800 வோல்ட்டில் இயங்கும் கார், பேருந்து, லாரிகளில்தான் புதிய பொருள் தன் விலையை ஈட்டித் தரும்.

2025 ஆகஸ்டில் ஒடிஸாவில் சிலிக்கான் கார்பைடு ஆலை அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சில்லு எங்கே உருவானாலும் அதைச் சுற்றிய வேலை நமக்கு உண்டு. அதிவேக சுவிட்ச் மோட்டார் சுருளின் காப்புறையைச் சோர்வுறச் செய்யும், பேரிங்கை அரிக்கும். அவற்றைத் தாங்கும் சுருளும் பேரிங்கும் குளிர்விப்பானும் ஓசூரின் சிறு தொழிற்கூடங்களுக்கு எட்டாதவை அல்ல. அவர்களால் தனித்தனியே வாங்க இயலாத சோதனைக் கருவிகளை ஒரு பொதுச் சோதனைக்கூடத்தில் அரசு அமைக்க வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் பாடங்களும் மாற வேண்டும். இல்லையேல், பேரிகை போன்ற எல்லையோர ஊர்களின் இளைஞர்களுக்குப் பாகங்களைப் பொருத்தும் வேலை மட்டுமே மிஞ்சும்.