தொலைதூரக் காடு நம் ஜொகூரிலேயே!

மாணவர்களே, சாகசப் பயணம் என்றதும் அண்டார்டிகாவும் இமயமலையும்தான் நினைவுக்கு வருகின்றனவா? குளுவாங்கைத் தாண்டி காஹாங் வரை சென்று, அங்கிருந்து காட்டுப்பாதையில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் போங்கள். ஜாக்குன் பூர்வகுடியினர் வாழும் கம்போங் பெத்தா வரும். அதுதான் எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கு ஒரு நுழைவாயில்.

ஜொகூரிலும் பகாங்கிலும் பரந்து கிடக்கும் இக்காட்டைத் தூரம் மட்டும் காப்பாற்றிவிடவில்லை. 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டது. பொதுமக்கள் கடுமையாக எதிர்த்த பிறகே அது நின்றது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. உள்ளே என்னென்ன இருக்கின்றன? அது தெரிந்தால்தானே எதை இழப்போம் என்று சொல்ல முடியும்?

விடை தேடி 1985இல் மலாயா இயற்கைச் சங்கம் ஓர் ஆய்வுப் பயணத்தைத் தொடங்கியது. அறிவியலாளர்களும் தன்னார்வலர்களும் காட்டில் முகாமிட்டு, செடிகளையும் உயிரினங்களையும் பாறைகளையும் பதிவு செய்தனர்.

ஜானிங் பாராட் மலையில் வளரும் விசிறி இலைப் பனையை எடுத்துக்கொள்ளுங்கள். மலை உச்சியில் இருப்பது மணற்பாறை. அது சிதைந்து உருவாகும் மணல் மண்ணில் சத்துகள் தங்குவதில்லை. மழைநீர் அடித்துச் சென்றுவிடும். பெருமரங்கள் செழிக்கத் திணறும் அந்த மண்ணில் இந்தப் பனை கூட்டமாக நிற்கிறது. 1987இல்தான் இதற்கு 'லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்' என்று அறிவியல் பெயர் கிடைத்தது. பெயரிலேயே எண்டாவ் இருப்பதைக் கவனித்தீர்களா?

உபே குலிங் அருவியருகே பாறையில் குளியல் தொட்டிகளைப் போன்ற குழிகள் உள்ளன. அவற்றை யாரும் செதுக்கவில்லை. நீர்ச்சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று, நெடுங்காலமாகப் பாறையைக் குடைந்துள்ளன.

1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஆக, சாகசப் பயணத்தின் பயன் ஓரிடத்தை எட்டிப் பிடிப்பதில் மட்டும் இல்லை. அங்கே கண்டதைச் சரியாக எழுதி வைப்பதிலும் இருக்கிறது. நீங்கள் அங்கே போகும்போது அட்டை கடிக்காமல் இருக்க நீளமான காலுறை அணியுங்கள். வழிகாட்டியுடன் செல்லுங்கள். ஒரு குறிப்பேட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.