இரண்டு பிராசசர் கம்ப்யூட்டர்: வீடியோ வேலைக்கு வாங்கலாமா?

திருப்பூரில் பனியன் தொழிலை ஒட்டியே வளர்ந்து வரும் இன்னொரு தொழில் வீடியோ எடிட்டிங். புது டி-சர்ட்டை ஆன்லைனில் விற்க ஒரு நிமிட வீடியோ வேண்டும். வெளியூர் பையருக்கு சாம்பிளைக் காட்ட ஒரு வீடியோ வேண்டும். நிக்காஹ், வலீமா வீடியோக்கள் தனி. மொபைலில் எடிட்டிங் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகள், அடுத்த கட்டமாக "ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கித் தாங்க அத்தா" என்று கேட்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது பல மாதச் சேமிப்பு.

தேடத் தொடங்கியதும் கண்ணில் படுவது பழைய 'வொர்க்ஸ்டேஷன்' விளம்பரம். "இரண்டு ஜியான் பிராசசர், 28 கோர், 64 ஜிபி ரேம்" என்று இருக்கும். அதே பணத்துக்குப் புதிதாக அசெம்பிள் செய்தால் 6 கோர், 16 ஜிபி என்பார்கள். 28 பெரியதா, 6 பெரியதா என்று பார்த்தால் விடை எளிது. ஆனால் வீடியோ எடிட்டிங்கில் கணக்கு அப்படி இல்லை.

இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது?

இன்டெல் ஜியான், சர்வர்களுக்காகச் செய்யப்படும் பிராசசர். ஒரே போர்டில் இரண்டைப் பொருத்தலாம். பெரிய டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிடும். கழித்துவிட்ட பிராசசர்கள் மொத்தமாகச் சந்தைக்கு வரும். 2012-இல் வந்த 8 கோர் ஜியான் இ5-2670 இப்படித்தான் சில ஆண்டுகளில் மிக மலிவாகி, உலகம் முழுவதும் பலர் அதில் இரண்டைப் போட்டு சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டினார்கள். இன்று அந்த இடத்தில் இருப்பவற்றில் ஒன்று, 2016-இல் வந்த 14 கோர் இ5-2680 வி4. இரண்டு போட்டால் 28 கோர்.

பல பிராசசர்களைச் சேர்த்துப் பெரிய வேலை செய்வது நல்ல யோசனைதான். 1980-களில் அமெரிக்காவின் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் நமக்கு மறுக்கப்பட்டபோது, 1988-இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம், சிறிய பிராசசர்கள் பலவற்றை இணைத்து 1991-இல் 'பரம் 8000' கம்ப்யூட்டரை உருவாக்கியது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் அமைத்த 'கப்ரு'வில் 144 கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான். மொத்தம் 288 பிராசசர்கள். இயற்பியல் கணக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்து அத்தனை பிராசசருக்கும் கொடுக்க முடிந்ததால் அது பயன்பட்டது. நம் வீடியோ வேலை அப்படிப் பிரியுமா என்பதுதான் கேள்வி.

கட்டிங் டேபிள் கணக்கு

ஒரு பனியன் யூனிட்டை நினைத்துப் பாருங்கள். 28 டெய்லர்கள் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான். வெட்டிய துணி வந்தால்தானே ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓடும்? டெய்லர்களை இரட்டிப்பாக்கினாலும் உற்பத்தி இரட்டிப்பாகாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான் என்று 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் விளக்கினார். ஒரு வேலையில் 80 சதவீதத்தை மட்டுமே பலருக்குப் பிரிக்க முடியும், மீதி 20 சதவீதம் ஒருவரே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6 கோர் இருந்தால் வேகம் 3 மடங்கு ஆகும். 28 கோர் இருந்தாலும் 4.4 மடங்குதான். கோர்களை எத்தனை கூட்டினாலும் 5 மடங்கைத் தாண்டாது.

இதோடு இன்னொன்று. அந்தப் பழைய ஜியானின் ஒரு கோர், 2022-இல் வந்த சாதாரண ஐ5-12400 பிராசசரின் ஒரு கோரில் ஏறத்தாழ பாதி வேகம்தான். அப்படியானால் 28 பழைய கோர்கள் தருவது 4.4. ஆறு புதிய கோர்கள் தருவது 3 பெருக்கல் 2, அதாவது 6. சிறியது முந்திவிட்டது!

வீடியோவில் சிக்கல் எங்கே?

4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 20 கோடிக்கும் மேல். இதை அப்படியே சேமித்தால் இடம் போதாது. ஆகவே மொபைலும் கேமராவும் எச்.264, எச்.265 என்ற முறைகளில் சுருக்குகின்றன. சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக வைத்து, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கும். நீங்கள் டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த ஃபிரேமைக் காட்ட அது சார்ந்திருக்கும் ஃபிரேம்களையும் விரித்தாக வேண்டும். ஒன்றை ஒன்று சார்ந்த இந்த வேலையை 28 பேருக்குச் சரியாகப் பங்கிட முடியாது.

இதற்காகவே 2011 முதல் இன்டெல் பிராசசர்களின் கிராபிக்ஸ் பகுதியில் 'குவிக் சின்க்' என்ற தனி சர்க்யூட் இருக்கிறது. சுருக்கிய வீடியோவை விரிப்பது அதன் வேலை. ஜியான் இ5 வகையில் இந்த கிராபிக்ஸ் பகுதியே இல்லை. புதிய ஐ5-இல் உண்டு. ஆனால் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் (12400எஃப் போல) அதில் இருக்காது. விலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க 'எஃப்' வாங்க வேண்டாம்.

விளம்பரத்தில் வராத செலவுகள்

இரண்டு இ5-2680 வி4 முழு வேகத்தில் ஓடினால் பிராசசருக்கு மட்டும் 240 வாட். முழு கம்ப்யூட்டரும் 400 வாட் எடுக்கிறது, இன்னொன்று 200 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரத்துக்கு வித்தியாசம் 1.6 யூனிட். மாதம் 25 நாளுக்கு 40 யூனிட். இரண்டு மாத பில்லில் 80 யூனிட். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் 400 வாட்டைத் தாங்காது, பெரியது வேண்டும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பு இரண்டாவது பிராசசரைப் பயன்படுத்தாது, புரோ வேண்டும். இந்தத் தலைமுறை ஜியானுக்கு விண்டோஸ் 11-இல் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடலாம் என்றால், டாவின்சி ரிசால்வின் இலவச லினக்ஸ் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. பெரிய கம்பெனி வொர்க்ஸ்டேஷன்களில் பவர் சப்ளையும் மதர்போர்டும் பெரும்பாலும் அவர்களுடைய தனி அளவில் இருக்கும். பழுதானால் கடையில் கிடைக்கும் பொதுவான பாகம் பொருந்தாது.

இரண்டு பிராசசர் யாருக்கு உதவும்?

பிளெண்டரில் பிராசசரைக் கொண்டு 3டி ரெண்டர் செய்பவருக்கும், இரவு முழுவதும் பல கோப்புகளை வரிசையாக எச்.265-க்கு மாற்றுபவருக்கும் உதவும். அங்கே வேலை நன்றாகப் பிரியும். அப்போதும், 14 கோர் உள்ள ஐ5-13500 போன்ற ஒற்றைப் பிராசசரே குறைந்த மின்சாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு வேலையைத் தருகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பணத்தை எங்கே போடுவது?

1. கிராபிக்ஸ் பகுதி உள்ள ஐ5 (12-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது).

2. ரேம் குறைந்தது 16 ஜிபி. 4கே என்றால் 32 ஜிபி. ஒன்றாக வாங்காமல் இரண்டு சம ஸ்டிக்காகப் போடவும்.

3. என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. முடிந்த வேலைகளைச் சேமிக்க சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும்.

4. தரமான பவர் சப்ளை. இதில் மிச்சம் பிடித்தால் மற்ற எல்லாம் ஆபத்தில்.

5. கிராபிக்ஸ் கார்டை, வேலை வந்து வருமானம் தொடங்கிய பிறகு சேர்க்கலாம். ரிசால்வில் கலர் வேலை அதிகம் செய்பவர் மட்டும் இதை முன்னே கொண்டுவரலாம்.

இப்படிப் படிப்படியாகக் கட்டுவதில் இன்னொரு நன்மை, வட்டி இஎம்ஐ பக்கம் போகாமலே முடித்துவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று: வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே 'பிராக்ஸி' முறையை முயலுங்கள். 4கே கோப்புக்கு 960 பெருக்கல் 540 அளவில் ஒரு சிறிய நகலை மென்பொருளே செய்து தரும். புள்ளிகள் பதினாறில் ஒரு பங்குதான். எடிட்டிங் நகலில் நடக்கும். கடைசியில் வெளியிடும்போது அசல் கோப்பு பயன்படும். ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே இது உண்டு. பல பிள்ளைகளுக்கு முதல் ஓராண்டுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், கோவையோ சென்னை ரிச்சி தெருவோ எங்கு போனாலும், பிள்ளை எடுத்த வீடியோ ஒன்றை பென் டிரைவில் கொண்டு போங்கள். கடைக்காரரிடம் அதை டைம்லைனில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தடங்கலின்றி ஓடினால் பில்லோடு வாங்குங்கள். விளம்பரத்தில் உள்ள கோர் எண்ணிக்கையை விட அந்த இரண்டு நிமிடம் சரியான பதிலைச் சொல்லிவிடும்.