புதுவையில் எழுந்த மாதர் குரல்

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பாரதியார் குடியிருந்த வீட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இன்று அது நினைவு இல்லம். கவிஞரின் நினைவுச் சின்னங்களைக் கண்டு வணங்கிவிட்டு வெளியே வருகிறார்கள். புதுவையில் அவர் வாழ்ந்த வீட்டில் மாதர் விடுதலைக்கு ஒரு கூட்டமே நடந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

1908-லிருந்து 1918 வரை பாரதியார் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு நாள், லட்சுமி பூஜைக்காக மாதர் பலர் கூடியிருந்தனர். மஞ்சள், குங்குமம், சுண்டல் என்று முடிந்திருக்க வேண்டிய மாலை. கவிஞரின் மூத்த மகள் தங்கம்மாள் எழுந்து உபந்நியாசம் செய்தாள். 1904-ல் பிறந்தவள், அப்போது சிறுமிதான். பெண் விடுதலைக்குத் தமிழ்ப் பெண்கள் என்ன செய்யலாம் என்பது விஷயம். கணவனிடம் போய், எல்லாவற்றிலும் சமமாக நடத்துவதானால் சேர்ந்து வாழலாம், இல்லையேல் இன்றிரவு சமையல் கிடையாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றாள் அந்தச் சிறுமி! காந்தியடிகளின் சாத்விக எதிர்ப்பை அடுப்பங்கரைக்கே கொண்டுவந்த யோசனை அது. பேச்சுக்குப் பின்னால் தகப்பனாரின் பேனா இருந்தது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அவருடைய கட்டுரைகளோடு சேர்த்தே அது அச்சாகியும் இருக்கிறது.

பாரதியார் தம் பெயரிலேயே எழுதிய கட்டுரை இதைவிடக் காரமானது. பெண் ருதுவாகுமுன் விவாகம் கூடாது. இஷ்டமில்லாத புருஷனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தலாகாது. மணமான பின் அவனை விட்டு நீங்க விரும்பினால் நீங்கட்டும், அதற்காக அவளை அவமதிக்கக் கூடாது. சொத்தில் சம பாகம் தர வேண்டும். மணமே வேண்டாமென்று தொழில் செய்து பிழைக்க விரும்புகிறவளைத் தடுக்கக் கூடாது. யாருடன் வாழ்வது, எப்போது வாழ்வது என்பதைப் பெண்ணே தீர்மானிக்கட்டும் என்பதுதான் இத்தனைக்கும் சாரம். இப்படி எழுதியவர் 1897-ல் செல்லம்மாளைக் கைப்பிடித்தபோது மணமகளுக்கு வயது ஏழு. அந்தச் செல்லம்மாள்தான், கணவர் மறைந்த பின் 1922-ல் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவருடைய பாடல்களை வெளியிட முற்பட்டவர்.

1917 மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அன்னி பெசன்ட் அம்மையார் தலைமை தாங்கினார். மார்கரெட் கஸின்ஸும் டாரதி ஜினராஜதாஸாவும் உடன் உழைத்தனர். இளம் வயது மணத்தை ஒழிக்க அவர்கள் போராடினர். 1929-ல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு வயது முடியாமல் மணம் செய்வது குற்றமாயிற்று.

இங்கேதான் புதுவைக் கதையில் ஒரு கோணல். பிரிட்டிஷ் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. புதுவையின் ஆட்சியில் இருந்த ஏனாமுக்கு அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பாலிய விவாகங்களை நடத்திக்கொண்டு போயின. அந்த ஊருக்கே 'கல்யாணபுரம்' என்று பெயர் வந்துவிட்டதாம்! தேசபக்தனுக்கு அடைக்கலம் தந்த அதே கொடியின் நிழல், சிறுமியின் கழுத்தில் தாலி ஏறவும் இடம் கொடுத்தது.

பாரதியாரிடம் பாடம் கேட்ட புதுவைக்காரர் ஒருவர் அவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் துணிந்து சென்றார். அவர் கனகசுப்புரத்தினம் என்ற பாரதிதாசன். 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசாங்கப் பள்ளிகளில் தமிழாசிரியர். மாதச் சம்பளக்காரர் எதையும் எழுதிவிட முடியுமா? அவர் எழுதினார். கைம்பெண்ணின் துயரையும் குழந்தை மணத்தையும் பாடியதோடு நில்லாமல், 'தவிப்பதற்கோ பிள்ளை?' என்ற பாட்டில் கர்ப்பத் தடையையே பாடுபொருளாக்கினார். வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் விஷயம் அது. காதலும் வேண்டும், பிள்ளை எப்போது என்பது தம்பதிகள் கையிலும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தத் துணிவுக்குப் பின்னணி உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சம சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரித் தீர்மானித்தது. பெரியார் ஒரு படி மேலே போனார். மற்றவர்கள் தேசத்தின் வறுமை தீரவும், தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத் தடை வேண்டுமென்றார்கள். அவரோ பெண் சுதந்தரமாக வாழ்வதற்காகவே அது வேண்டுமென்றார். இந்த வேற்றுமை சிறியதல்ல. முந்தையதில் பெண் ஒரு கணக்கு. பிந்தையதில் அவள் ஒரு மனுஷி. 1935 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் அம்மையாரே வந்திருந்தார். கர்ப்பத் தடைக்கு ஆதரவான தீர்மானமும் நிறைவேறிற்று.

1938-ல் வெளிவந்த பாரதிதாசனின் முதல் கவிதைத் தொகுதியில் அந்தப் பாட்டு இடம் பெற்றது. அத்தொகுதியை வெளியிட்டவர் ஒரு பெண்மணி. பட்டதாரியும் சுயமரியாதை இயக்கத்தவருமான குஞ்சிதம் குருசாமி. பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றிய பாட்டை ஒரு பெண்ணே நாட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பாரதியார் கேட்டவை மெதுவாக வந்தன. இந்து வாரிசுச் சட்டம் 1963-ல்தான் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது; நாடு முழுவதற்குமான திருத்தம் வர 2005 ஆயிற்று. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதுவையில் இன்னும் உண்டு. அவர்களுக்கு மகளின் பாகம் பாட்டன் காலத்துச் சங்கதி. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்களுக்கு வேறு வேறு சட்டம்!

கர்ப்பத் தடை விஷயத்தில் நேர்மாறு. 1952-லேயே இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. கருக்கலைப்பை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டமும் 1971-ல் வந்தது. பிரான்ஸ் தேசத்தில் அப்படியில்லை. கர்ப்பத் தடைப் பிரசாரத்தைக் குற்றமாக்கி 1920-ல் அங்கே ஒரு சட்டம் செய்திருந்தார்கள். அந்த சர்க்காரின் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியர்தான் 'தவிப்பதற்கோ பிள்ளை?' பாடியவர். அந்தச் சட்டத்தைப் பாரிஸில் தளர்த்தியது 1967 டிசம்பரில். பாரதிதாசன் காலமாகி அப்போது மூன்று வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.