பி.எச்டி.க்கும் கெடு உண்டு: ஆய்வக மாணவர்கள் அறிய வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய் எஸ்டேட்டிலும் உழைத்து, பிள்ளைகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்த குடும்பங்கள் பல. அப்படியொரு வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவர் பி.எச்டி. சேர்ந்தால், "எப்ப முடியும்?" என்ற கேள்விக்கு வீட்டில் யாருக்கும் விடை தெரிவதில்லை. "கைடு சொல்லும்போது முடியும்" என்பதே வழக்கமான பதில். அது சரியான பதில் அல்ல. ஆய்வை முடிக்க விதிப்படி கெடு உண்டு. நடுவே கடக்க வேண்டிய படிகளும் உண்டு. இவை தெரியாததால்தான் பலர் ஆண்டுகளை இழக்கிறார்கள்.

சேரும் முன்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. எனவே கைடிடம் காலியிடம் உண்டா, அவர் எப்போது ஓய்வு பெறுகிறார், உங்கள் துறைக்கு ஆய்வு மைய அங்கீகாரம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. தருவதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த வழியில் பெறும் பட்டம் செல்லாது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற வேளாண் நிறுவனங்களில் சேர்வோர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதிகளைத் தனியே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

கடக்க வேண்டிய படிகள்

* கோர்ஸ்வொர்க்: குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைப் பாடமும் இதில் அடங்கும். 55 சதவீத மதிப்பெண் தேவை.
* ஆய்வு ஆலோசனைக் குழு: ஒவ்வொரு செமஸ்டரிலும் குழுவின் முன் உங்கள் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் அதற்கான காரணத்தையும் திருத்த வழியையும் குழு பதிவு செய்ய வேண்டும்.
* நிறைவுக் கட்டம்: குழுவின் முன் இறுதி விளக்கவுரை, எழுத்துத் திருட்டுச் சோதனை, ஆய்வேடு சமர்ப்பிப்பு. கைடு தவிர வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிடுவார்கள். பிறகு வைவா. சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் இவை முடிய வேண்டும்.

மொத்தக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோ அதிகபட்சம் 5 ஆண்டுதான். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக (எஸ்.ஆர்.எஃப்.) உயர்ந்தால் 42,000 ரூபாய். விதி ஆறு ஆண்டு தந்தாலும், ஆறாவது ஆண்டில் கைக்காசுதான். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

ஆய்வகத்துக்கே உரிய ஆபத்துகள்

கருவி வரும், அனுமதி வரும் என்று காத்திருப்பதில்தான் அதிக காலம் கரைகிறது. மேகமலை 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அங்கே செடி, பூச்சி, மண் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இரண்டுக்கும் முதல் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள்.

போடி மேற்கு மலையில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்புகளாலும் அனுமதிச் சிக்கல்களாலும் அது கட்டப்படவில்லை. ஆனால் அத்திட்டத்துக்காகவே பயிற்சி பெற்ற ஆய்வு மாணவர்கள் கணினி உருவகப்படுத்தலையும், சிறிய மாதிரிக் கண்டறி கருவிகளையும் கொண்டு ஆய்வேடுகளை முடித்தார்கள். பெரிய கருவியை மட்டுமே நம்பித் தொடங்குகிறவர், அது வராவிட்டாலும் முடிக்கக்கூடிய இரண்டாவது திட்டத்தையும் முதல் குழுக் கூட்டத்திலேயே வைக்க வேண்டும்.

"ஆய்வேடு எழுதித் தருகிறோம்", "பத்தே நாளில் கட்டுரை வெளியிடுகிறோம்" என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மானியக் குழுவின் 2018 விதிகளின்படி எழுத்துத் திருட்டு 10 சதவீதத்தைத் தாண்டினால் தண்டனை உண்டு. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய நிபந்தனை 2022-இல் நீக்கப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்பதை அதன் விதிநூலில் பாருங்கள்.

உங்கள் உரிமைகள்

பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்புக்காக ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு உண்டு. அவர்கள் திருமணம் போன்ற காரணத்தால் ஊர் மாறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆய்வையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ரசாயனங்களைக் கையாளும் இடத்தில் நச்சுப்புகை வெளியேற்றும் கூண்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கேட்பது சலுகை கேட்பது அல்ல. கைடின் வீட்டு வேலை எதுவும் ஆய்வின் பகுதி அல்ல.

பிரச்சினை வந்தால்

குழுக் கூட்ட அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைடுடன் பேசியதை அன்றே மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போடுங்கள். புகார் என்று வந்தால் இவைதான் சாட்சி.

முதலில் துறைத் தலைவரிடம் பேசுங்கள். தீரவில்லை என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். மானியக் குழுவின் 2023 விதிகளின்படி குறைதீர் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எப்ப முடியும்?" என்று கேட்பதோடு, "இந்த செமஸ்டர் குழுக் கூட்டம் நடந்ததா? அறிக்கை கையில் இருக்கா?" என்றும் கேளுங்கள். தாமதம் எங்கே தொடங்கியது என்பது அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும். அப்போதே கேட்டால் சரிசெய்ய நேரமும் இருக்கும்.